மறுப்பின் தடயம்: இணையப் படிவங்கள் திரையிலேயே திருப்பி அனுப்பிய சொற்களின் வரலாறு

காகிதப் படிவங்களை ஆவணக்காப்பகத்தில் வாசிப்போர்க்கு ஒரு வசதி உண்டு. கட்டத்திற்குள் அடங்காத பெயர் ஓரத்தில் நீண்டிருக்கும். பொருந்தாத விடை அடிக்கப்பட்டு, அதன்மேல் வேறொன்று எழுதப்பட்டிருக்கும். எழுத்தர் ஐயத்துடன் இட்ட கேள்விக்குறி மங்கிய மையில் நிற்கும். படிவம் கேட்டதற்கும் மனிதர் சொன்னதற்கும் இடையிலான உரசல் தாளிலேயே தங்கிவிடுகிறது. சமூக வரலாற்றாய்வாளர் பலர் அந்த உரசலிலிருந்தே தம் கேள்விகளைத் தொடங்கியிருக்கின்றனர்.

இணையப் படிவத்தில் அந்த உரசல் எங்கே போகிறது? "சரியான பெயரை உள்ளிடவும்" என்ற சிவப்பு வரி தோன்றுகிறது. எழுதியவர் பெயரை மாற்றுகிறார், அல்லது படிவத்தைக் கைவிடுகிறார். முதலில் எழுதப்பட்ட பெயர் பெரும்பாலும் எந்தத் தரவுத்தளத்தையும் சென்றடைவதில்லை. இந்த இழப்புக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறு உண்டு. பயனரின் காத்திருப்பைக் குறைக்கவேண்டும் என்ற நல்ல நோக்கத்திலிருந்து அது தொடங்குகிறது.

வையவிரிவு வலையின் முதல் ஆண்டுகளில் பக்கங்கள் பெரும்பாலும் வாசிப்பதற்கே இருந்தன. பிரிஸ்டல் நகரிலுள்ள ஹியூலட் பேக்கர்டு ஆய்வகத்தில் பணியாற்றிய டேவ் ராகெட் 1993-இல் முன்வைத்த 'எச்டிஎம்எல் பிளஸ்' வரைவில், நிரப்பத்தக்க படிவங்கள் இடம்பெற்றன. அதே ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ மையம் தன் மொசைக் உலாவியில் படிவங்களுக்கு இடமளித்தது. நிரப்பியதைப் பெற்று ஒரு நிரலிடம் ஒப்படைக்கும் 'சிஜிஐ' என்ற வழிமுறையும் அங்கேயே உருவாயிற்று. 1995 நவம்பரில் டிம் பெர்னர்ஸ்-லீயும் டான் கானலியும் எழுதிய எச்டிஎம்எல் 2.0 வரையறை படிவத்தை முறைப்படுத்தியது. எழுதப்படும் சொல்லின்மீது உலாவி தானே காக்கவேண்டிய விதியாக அதில் இருந்தது, ஒரு கட்டத்தில் அதிகபட்சம் எத்தனை எழுத்துகள் இடலாம் என்னும் நீள வரம்பு.

ஏனைய சோதனைகள் வழங்கியில், அதாவது சர்வரில், நடந்தன. படிவம் சரியாக நிரப்பப்பட்டாலும் பிழையாக நிரப்பப்பட்டாலும் முழுவதும் தொலைபேசிக் கம்பி வழியே சென்றது. அங்குள்ள நிரல் அதை வாசித்து, பிழையிருப்பின் புதிய பக்கம் ஒன்றைத் திருப்பி அனுப்பியது. அக்கால மோடங்களின் வேகம் நொடிக்கு 14.4 அல்லது 28.8 கிலோபிட். இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது கிடைத்த தொலைபேசி இணைப்பு 9.6 கிலோபிட் வேகத்தில் இயங்கியது. அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் விடுபட்டதை அறிவதற்கே ஒருவர் திரைமுன் நெடுநேரம் காத்திருக்கவேண்டியிருந்தது. ஆயினும் இம்முறையில் வரலாற்றாய்வாளர் கவனிக்கவேண்டிய ஒரு கூறு உண்டு. பிழையும் வழங்கியை எட்டியது. எட்டியதை விரும்பினால் சேமிக்கலாம், எண்ணலாம், பின்னர் வாசிக்கலாம்.

காத்திருப்புக்கான மாற்று நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வந்தது. 1995 மே மாதத்தில் பிரெண்டன் ஐக் பத்து நாட்களில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தை உருவாக்கினார். மோக்கா என்றும் பின்னர் லைவ்ஸ்கிரிப்ட் என்றும் அழைக்கப்பட்ட அம்மொழி, 1995 டிசம்பர் 4 அன்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற பெயரில் அறிவிக்கப்பட்டது. அம்மொழியின் தொடக்ககாலப் பயன்பாடுகளுள் பரவலானது படிவச் சரிபார்ப்பு. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், படிவம் கம்பியேறுவதற்கு முன்பே, உலாவிக்குள் ஒரு சிறு நிரல் கட்டங்களைப் பார்வையிடும். வெற்றிடமோ பொருந்தாத எழுத்தோ இருப்பின் எச்சரிக்கைப் பெட்டி தோன்றும், படிவம் புறப்படாது. நிமிடங்களைத் தின்ற பயணம் மிச்சமாயிற்று. வழங்கியின் சுமையும் குறைந்தது.

இந்த ஏற்பாட்டை ஓர் உபசாரம் எனலாம். வாயிற்காவலர் உள்ளே செல்வோரிடம் "கையொப்பம் விடுபட்டிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதைப் போன்றது. தீர்ப்பு உள்ளே இருக்கும் அலுவலருடையது. நிரலர்களும் அவ்வாறே கற்பிக்கப்படுகின்றனர்: உலாவியில் நடக்கும் சோதனையை ஒருபோதும் நம்பக்கூடாது, வழங்கியில் மீண்டும் அனைத்தையும் சோதிக்கவேண்டும். பயனரின் கணினியில் ஓடும் நிரலைப் பயனரால் நிறுத்தமுடியும், மாற்றமுடியும், முற்றிலும் தவிர்த்து வேறு வழியில் வழங்கிக்கு நேரே தரவை அனுப்பமுடியும். ஆகவே உலாவிச் சரிபார்ப்பு பாதுகாப்பு அரண் ஆகாது.

ஆனால் இதே உண்மையின் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. தொழில்நுட்பம் அறிந்தவரை இந்த விதி கட்டுப்படுத்துவதில்லை. அறியாதவரை முழுமையாகக் கட்டுப்படுத்துகிறது. தரவுத்தளம் ஏற்கக்கூடிய ஒரு பெயரை உலாவியிலுள்ள விதி மறுத்தாலும், சாதாரணப் பயனருக்கு அதுவே இறுதித் தீர்ப்பு. மறுத்தது உள்ளே இருக்கும் அலுவலரா, வாயிலில் நிற்கும் காவலரா என்று அறிய அவருக்கு வழியில்லை. உபசாரமாக வந்தது நடைமுறையில் எல்லைக்கோடாக மாறியது இவ்வாறுதான்.

எல்லைக்கோட்டை வரைய ஒரு மொழி தேவைப்பட்டது. அம்மொழியின் பின்னணி மொழியியல் மாணவர்களுக்குப் புதிதன்று. நரம்பு வலைகளின் கணித மாதிரிகளை ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி, 1951-இல் எழுதிய அறிக்கையில் ஒழுங்குக் கோவைகள் என்ற கருத்தை வகுத்தார். 1950களில் நோம் சாம்ஸ்கி இலக்கணங்களைப் படிநிலைப்படுத்தியபோது இவ்வகைக்குக் கிடைத்தது அடித்தட்டு; ஆங்கிலம் போன்ற இயற்கை மொழியின் தொடரமைப்பை விவரிக்க அது போதாது என்பது அவருடைய வாதம். 1968-இல் கென் தாம்சன் அக்கோவைகளைக் கொண்டு உரையைத் தேடும் முறையை வெளியிட்டார். யூனிக்ஸ் கருவிகள், பெர்ல் மொழி ஆகியவற்றின் வழியே வந்து, 1997-இல் நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பின் ஜாவாஸ்கிரிப்டில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று அது குடியேறியது.

அக்கோவைமொழியில் 'சொல்லெழுத்து' என்பதைக் குறிக்கும் சுருக்கக் குறி ஒன்று உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் அதன் பொருள்: ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள் 52, இலக்கங்கள் 10, அடிக்கோடு ஒன்று. ஆக 63 குறிகள். உலகின் ஏனைய எழுத்துகள் எவையும் அதற்குச் சொல்லெழுத்துகள் அல்ல. யூனிகோடு 1991-இலேயே வெளிவந்துவிட்டது, தமிழும் அதில் இருந்தது. எனினும் நிரலர்கள் கைக்கெட்டிய குறியையே பயன்படுத்தினர். "பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கவேண்டும்" என்ற இயல்பான விதி, "பெயரில் ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருக்கவேண்டும்" என்று குறியாக்கம் பெற்றது. வலைப்பக்கத்திலிருந்து வலைப்பக்கத்துக்குப் படியெடுக்கப்பட்டுப் பரவியது.

பெயர் குறித்த எடுகோள்கள் எழுத்தோடு நிற்கவில்லை. முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு எழுத்துகள் என்பது பரவலான வார்ப்பு. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு ஒற்றைப் பெயர் வைத்துக்கொள்ளும் தமிழ் மரபு இந்த வார்ப்பில் இரு இடங்களில் இடறும். குடும்பப்பெயர் என ஒன்று இல்லை. தலைப்பெழுத்தை அங்கே இட்டால் அது ஓரெழுத்து. தந்தையின் பெயரை இட்டால் படிவம் ஏற்கும், ஆனால் அதன்பின் அனுப்பப்படும் ஒவ்வொரு மடலும் மகளைத் தந்தை பெயரால் விளிக்கும். இத்தகைய நாற்பது தவறான எடுகோள்களை 2010-இல் பேட்ரிக் மெக்கென்சி என்ற நிரலர் தொகுத்து வெளியிட்ட பட்டியல், நிரலர் உலகில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

இவ்வார்ப்பு திரைக்கு வெளியிலும் ஆட்சி செய்கிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோரைச் சுற்றுலா, வருகை நுழைவிசைவில் அனுமதிப்பதில்லை என்று விமான நிறுவனங்களுக்கு அறிவித்தது. பின்னர், கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் போதும் எனத் தெளிவுபடுத்தப்பட்டது. உலாவி நிரலுக்கும் அந்த அறிவிப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லை. மனிதப் பெயருக்கு இரு பகுதிகள் உண்டு என்ற இலக்கணம் இரண்டிற்கும் பொது.

இரண்டாம் திருப்பம் 1999-இல் நிகழ்ந்தது. மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் மின்னஞ்சலை உலாவிக்குள் கொண்டுவர முயன்ற குழுவுக்கு, புதிய அஞ்சல் வந்ததா என்று பார்க்க ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் மீண்டும் ஏற்றுவது ஒவ்வாததாக இருந்தது. அவர்கள் உருவாக்கிய 'எக்ஸ்எம்எல்எச்டிடிபி' என்ற கூறு அவ்வாண்டு மார்ச்சில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 உடன் வெளிவந்தது. பக்கம் நின்ற இடத்திலேயே நிற்க, பின்னணியில் வழங்கிக்கு ஒரு வேண்டுகோளை அனுப்பலாம். பதில் வரும்வரை பயனர் தம் வேலையைத் தொடரலாம். பதிலுக்காக நின்று காத்திராத இதனை ஒத்திசையா வேண்டுகோள் என்பர். மொசில்லாவும் பிற உலாவிகளும் இதைத் தழுவின. 2004 ஏப்ரலில் ஜிமெயில், அவ்வாண்டு டிசம்பரில் கூகுள் சஜஸ்ட், 2005 பிப்ரவரியில் கூகுள் மேப்ஸ் ஆகியவை இதன் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்டின. 2005 பிப்ரவரி 18 அன்று ஜெசி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரை இந்நுட்பத் தொகுதிக்கு 'அஜாக்ஸ்' என்று பெயரிட்டது.

பெயரைவிடப் பெரிய மாற்றம் படிவத்தின் காலக்கணக்கில் நேர்ந்தது. அதுவரை படிவத்துக்கு ஒரு கணம் இருந்தது: அனுப்பும் பொத்தானை அழுத்தும் கணம். அதற்கு முன் எழுதப்பட்டது எழுதியவருடையது. அதற்குப் பின் அது நிறுவனத்தினுடையது. கூகுள் சஜஸ்ட் ஒவ்வொரு விசையழுத்தத்தையும் வேண்டுகோளாக்கியது. பயனர்பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டதா என்பதை எழுதும்போதே சொல்லும் படிவங்கள் பெருகின. ஒத்திசையா வேண்டுகோளுக்கு உரிய தனிச் சிக்கலும் உடன்வந்தது: முதலில் அனுப்பிய வினாவின் விடை இரண்டாம் வினாவின் விடைக்குப் பிறகு வரக்கூடும். கவனமற்ற நிரல், திருத்தப்பட்ட பெயருக்குப் பழைய பெயரின் தீர்ப்பைக் காட்டிவிடும்.

இதற்கிடையே சரிபார்ப்பைத் தரப்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. டபிள்யூ3சி அமைப்பு 2003 அக்டோபரில் எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற புதிய படிவமொழியைப் பரிந்துரைத்தது. முதன்மை உலாவிகள் அதை ஏற்கவில்லை. பழைய படிவத்தையே விரித்தெடுக்கும் வரைவை இயன் ஹிக்சன் முன்னெடுத்தார். 2004-இல் உருவான வாட்விக் குழுவின் வழியே அது எச்டிஎம்எல் 5-இல் கலந்தது. 2014 அக்டோபர் 28 அன்று அது டபிள்யூ3சி பரிந்துரையாயிற்று. 'கட்டாயம்', 'இந்தக் கோவைக்குப் பொருந்தவேண்டும்', 'இது மின்னஞ்சல் முகவரி' என்பன ஒவ்வொரு தளமும் தானே எழுதவேண்டிய நிரலாக இல்லாமல், எச்டிஎம்எல்லின் சொற்களாயின. மின்னஞ்சல் முகவரிக்கு அத்தரம் வகுத்த கோவை ஆங்கில எழுத்துகளுக்கு உரியது. பிற எழுத்துகளில் அமைந்த முகவரிகளுக்கான இணையத் தர ஆவணங்களோ 2012 பிப்ரவரியிலேயே வெளிவந்திருந்தன. மடலைக் கொண்டுசெல்லும் நெறிமுறை தமிழ் முகவரிக்கு வழிவிட்ட பின்னும், வாயிலில் இருந்த விதி அதற்கு வழிவிடவில்லை.

2018-இல் ஜாவாஸ்கிரிப்டின் கோவைமொழிக்கு யூனிகோடு பண்புகள் வந்தன. 'எந்த மொழியின் எழுத்தாயினும்' என்று சொல்ல ஒரு குறி கிடைத்தது. 63 குறிகளின் எல்லை அகன்றதாகத் தோன்றும். தமிழுக்கு அது அகலவில்லை என்பதே இவ்வரலாற்றின் நுட்பமான இடம். யூனிகோடு, அகரமேறிய மெய்யை எழுத்து என்று வகைப்படுத்துகிறது. புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தோடு சேரும் குறிகள் என்று வேறு வகையில் வைக்கிறது. ஆகவே 'எழுத்துகள் மட்டும்' என்ற விதியில் 'அமுதா' என்ற பெயர் தோற்கும். உகரக் குறியும் ஆகாரக் குறியும் எழுத்தல்ல என்று திருப்பி அனுப்பப்படும். 'கண்ணன்' தன் இரு புள்ளிகளால் தோற்கும். குறிகளின் வகையையும் சேர்த்து எழுதினால் மட்டுமே இவை தேறும்.

தமிழிலக்கணத்தில் புள்ளிபெற்ற மெய்யே அடிப்படை. அகரம் சேர்ந்தது அதன்மேல் எழுவது. இந்திய எழுத்துகளுக்கான ஐஎஸ்சிஐஐ தரத்தை ஒட்டி அமைந்த யூனிகோடு அட்டவணையில் வரிசை தலைகீழ்: அகரமேறியது அடிப்படை, புள்ளி அதன்மேல் ஒட்டு. எழுத்தெண்ணிக்கையும் இதனால் மாறுகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்துகள் மூன்று. உலாவியின் கணக்கில் ஐந்து. 1995-இன் வரையறையில் இருந்த அந்த நீள வரம்பு, பத்து என்று எழுதப்பட்டிருந்தால், ஆங்கிலப் பெயருக்குப் பத்தெழுத்து இடம் தருகிறது. தமிழ்ப் பெயருக்கு ஆறேழு எழுத்துகளிலேயே முடிந்துவிடக்கூடும். எழுத்து என்பது யாது என்ற இலக்கணக் கேள்விக்கு, படிவம் எழுதிய நிரலர் அறியாமலே விடை சொல்லியிருக்கிறார்.

இனித் தடயத்தின் கேள்விக்கு வரலாம். உலாவி மறுத்தது பதிவாவதில்லை என்பதிலிருந்து, அனுப்பப்படாதது எதுவும் பதிவாவதில்லை என்று முடிவுகட்டலாகாது. ஒத்திசையா வேண்டுகோள் அதற்கும் வழிசெய்தது. 2013-இல் சௌவிக் தாஸ், ஆடம் கிராமர் இருவரும் வெளியிட்ட ஆய்வு, ஃபேஸ்புக்கில் 39 இலட்சம் பயனர்கள் தட்டச்சிட்டு, அனுப்பாமல் விட்ட இடுகைகளையும் மறுமொழிகளையும் 17 நாட்கள் கணக்கிட்டது. 71 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் அவ்வாறு தம்மைத் தணிக்கை செய்துகொண்டனர். உள்ளடக்கம் சேகரிக்கப்படவில்லை, எழுதப்பட்டது என்ற செய்தி மட்டும் சேகரிக்கப்பட்டது. 2022-இல் அசுமான் செனோல் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு மேலும் சென்றது. முன்னணி 1,00,000 தளங்களைச் சோதித்ததில், பொத்தானை அழுத்துவதற்கு முன்பே மின்னஞ்சல் முகவரியைப் பின்தொடர் நிறுவனங்களுக்கு அனுப்பியவை, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பார்த்தபோது 1,844. அமெரிக்காவிலிருந்து பார்த்தபோது 2,950.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு தெரிவு புலப்படுகிறது. ஒருவர் சொல்ல விரும்பாமல் விட்டதைக் கொண்டுசெல்ல நுட்பம் பயன்படுகிறது. அவர் சொல்ல விரும்பி, விதியால் மறுக்கப்பட்டதைக் கொண்டுசெல்லவும் அதே நுட்பம் போதும். மறுக்கப்பட்ட பெயர்களை எண்ணி, விதி தவறா என்று கேட்கும் நிரல் சில வரிகளில் முடியும். அந்த வரிகள் அரிதாகவே எழுதப்படுகின்றன.

இந்தியாவில் இத்தெரிவின் விலை 2021-இல் தெரிந்தது. 18 முதல் 44 வயதினர்க்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் ஏப்ரல் 28 அன்று தொடங்கியது; இணையவழி முன்பதிவு முதலில் கட்டாயம். ஆங்கிலத்தில் மட்டும் இருந்த தளம் ஜூன் தொடக்கத்தில்தான் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளைப் பெற்றது. இடங்கள் திறந்த சில கணங்களில் நிரம்பின. படிவத்தின் முன் அமர்ந்தவர் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டிருக்க, நிரல் எழுதத் தெரிந்தவர்கள் வழங்கியிடம் சில நொடிகளுக்கு ஒருமுறை தானாகவே வினவும் நிரல்களை ஓடவிட்டனர். அவர்களில் பலர் பொதுநன்மை கருதி மற்றவர்க்கு அறிவிப்பும் அனுப்பினர். ஆயினும் திரைக்குப் பின்னுள்ள வேண்டுகோளை அறிந்தவர்க்கும் திரையை மட்டும் அறிந்தவர்க்கும் ஒரே வரிசை இரு வேகங்களில் நகர்ந்தது. மே 24 அன்று அரசு மையங்களில் நேரடிப் பதிவு அனுமதிக்கப்பட்டது. மே 31 தேதியிட்ட ஆணையில் உச்ச நீதிமன்றம், இணையத்தை மட்டும் நம்பிய இவ்வேற்பாடு மின்னணு இடைவெளியால் பலரை விலக்கும் என்ற கவலையைப் பதிவுசெய்தது. எத்தனை பேர் திரையிலேயே திரும்பினர் என்பதைக் கோவினில் பதிவானோர் எண்ணிக்கையிலிருந்து அறியமுடியாது. அந்த எண்ணிக்கை, தேறியவர்களின் எண்ணிக்கை.

ஆகவே, இணையப் படிவங்கள் தந்த தரவை வைத்து மொழியையோ சமூகத்தையோ ஆராய்வோர், அத்தரவு ஒரு வாயிலைக் கடந்து வந்தது என்பதை மறக்கலாகாது. "தமிழில் பெயரெழுதுவோர் குறைவு" என்று ஒரு தரவுத்தளம் காட்டுமானால், தமிழில் எழுதப்பட்டதை அப்படிவம் ஏற்றதா என்பது முதற் கேள்வி.

அக்கேள்விக்கு விடை தேட ஒரு வழி திறந்தே இருக்கிறது. வழங்கியிலுள்ள விதிகளை வெளியார் காணமுடியாது. உலாவிச் சரிபார்ப்பு விதிகள் ஒவ்வொரு பயனரின் கணினிக்கும் வந்துசேர்கின்றன. வாசிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். 1996-இல் தொடங்கப்பட்ட இன்டர்நெட் ஆர்க்கைவ் சேமித்து, 2001 முதல் பொதுவில் காட்டிவரும் பழைய பக்கங்களில், பல இடங்களில் அவ்விதிகளும் உடன் தங்கியிருக்கின்றன. மறுக்கப்பட்ட பெயர்கள் அழிந்துவிட்டன. மறுத்த இலக்கணம் எஞ்சியிருக்கிறது. எந்தத் தளத்தில், எந்த ஆண்டில், எது எழுத்தாகக் கொள்ளப்பட்டது, எது பெயராக ஏற்கப்பட்டது என்பதை ஆண்டுவாரியாகத் தொகுத்தால், காகிதத்தின் ஓரக்குறிப்புகளுக்கு ஈடான ஒரு சான்று கிடைக்கும். அதைத் தொகுக்க நிரலும் இலக்கணமும் ஒருங்கே அறிந்த ஆய்வாளர்கள் தேவை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகளும் கணினித் துறைகளும் சேர்ந்து எடுத்துக்கொள்ளத்தக்க பணி அது.